உருளாத பெட்டி

எண்பத்தேழில் ஒருநாள், யாழ்ப்பாணத்திலிருந்து பண்டத்தரிப்புக்குப் போகும் மினிபஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்கள். மூத்தவரின் மடியில் ஒரு பை நிறைய வெறும் சவர்க்காரப் பெட்டிகளும் நெருப்புப்பெட்டிகளும்.

"என்னக்கா, உவ்வளவு பெட்டியும் என்னத்துக்கு?"

"என்ரை மகளுக்கு, தங்கச்சி. ஷெல் விழேக்கை ஜன்னல் கண்ணாடி தெறிச்சு ரெண்டு கண்ணிலையும் பட்டிட்டுது. மானிப்பாய் ஆசுப்பத்திரியிலை கட்டோடை கிடக்கிறாள். சோதினை வருகுது, கணக்குப் படிக்கவேணும் எண்டு ஒரே அழுகை. அதுதான் சதுரமுகி, கனவுரு, உருளை, கோளம் எண்டு கணக்கிலை வாற வடிவங்களை ஒவ்வொண்டாத் தொட்டுப் பாக்கக் குடுத்தனான்."

"பிடிபட்டுதோ?"

"ஓம். ஆனால் பந்தும் பால்மாத் தகர ரின்னும் இனி வேண்டாமாம். கட்டிலிலை வைச்சால் உருண்டு போயிடுதாம், பிறகு தடவித் தேட ஏலாதாம். பெட்டியெண்டால் எந்தப் பக்கம் வைச்சாலும் வைச்ச இடத்திலையே கிடக்குமாம்."

இளையவர் பைக்குள் இருந்த ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கட்டு எப்ப அவிழ்ப்பினம்?"

"இண்டைக்கு. அவளின்ரை தகப்பன் கொழும்பிலை. நான் தனியத்தான் போய் நிக்கவேணும்."

மானிப்பாயில் பஸ் நின்றது. பண்டத்தரிப்புக்கு டிக்கெட் எடுத்திருந்த இளையவர், அந்தப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"இறங்குங்கோ அக்கா. நானும் வாறன்."