கொப்புளம் விட்ட தட்டு

— கேட்டாண்ட ஏன் நிக்கிற ஜான்சி? நெழலுக்கு வா. கையில என்னா, நம்ம ஆகாயத்தாமரை நாருல செஞ்சதா? குடு, நானும் தொட்டுப் பாக்குறேன்.

— பிளாஸ்டிக்கும் நாரும் சேந்தது கொளஞ்சியக்கா. காரு கதவுக்கு உள்பக்கம் வைக்கிற தட்டு. பாத்து, கையைக் கிழிச்சிடும்.

— என்னாத்துக்கு அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமா இருக்கு?

— அதான் கம்பெனியில வாணாம்னுட்டாங்க. மேனேஜர் லேசாதான் வளைச்சாரு. அப்பளமா ஒடிஞ்சிருச்சு.

— இன்னொரு வாட்டி செஞ்சு பாக்கச் சொல்லேன்.

— கால்ல விழாத கொறையா கெஞ்சி, மிஷினை இன்னிக்கு ஒரு நாளு குடுத்தாங்க. இனிமே முன்னெல்லாம் சேத்த கண்ணாடி நாரே போதுமாம்.

— பன்னெண்டு பொம்பளைக்கு வேலைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே! இடுப்பளவு தண்ணியில நின்னு அறுத்தோம். கூட அறுத்த ஆரோக்கியம்மாளுக்கு இன்னும் சேத்துப்புண்ணு ஆறல. நாருல என்னா கொறையாம்?

— நாருல கொறை இல்லக்கா. ஈரம். பிளாஸ்டிக்கு உருகுற சூட்டுல, நாருக்குள்ள இருக்குற தண்ணி ஆவியாக் கெளம்பும். அதான் கொப்புளம். எனக்குப் புரியாதது ஒண்ணுதான். எங்க காலேஜ்ல ரெண்டு நாளு மொறுமொறுன்னு காயவச்சு, கவர்ல போட்டு, வாயை ஒட்டித்தானே குடுத்தேன்? சிதம்பரத்துலேருந்து கடலூர் வரைக்கும் நீங்க மடியை விட்டு எறக்கவே இல்ல.

— சருகாட்டம் கெடந்துச்சுடி.

— கவரைப் பிரிச்சீங்களா?

— இருபது வருசமாக் கீரை விக்கிறேன். வாடுன கட்டை ஒருத்தர் கையில குடுத்தவ இல்ல நான். நீ உள்ள கையெழுத்துப் போடப் போனியே, இங்க பைப்பு இருந்துச்சு. ரெண்டே கை தெளிச்சு, பழையபடி மடிச்சு வச்சேன். என்னமா பளபளன்னு இருந்துச்சு தெரியுமா!

— ஐயோ, அக்கா...

— திட்டு. நல்லாத் திட்டு.

— திட்டி என்ன ஆவப்போவுது? ஏன் காயவச்சேன்னு நான்தான் சொல்லாம வுட்டுட்டேன். எந்திரிங்க. அழுதா அந்த வாட்ச்மேன் வேற பாக்குறான். வாய்க்கால்ல சும்மா கெடந்த களைதானே, ஒங்களுக்குன்னு எதுவும் கெட்டுப்போவலியே. திரும்பக் கீரை போடுங்க.

— எங்க போடுறது?

— தானே புயல்ல வேலிதானே போச்சு? பாத்தி அப்படியே கெடக்கு. மொண்டு ஊத்தக் கொளம் இருக்கு.

— கொளம் இருக்கு.

— அப்புறம் என்னக்கா?

— தை மாசம், வாய்க்காலை பொக்லைன் வச்சு வாரப்போறோம்னு மைக்குல சொல்லிக்கினு போனாங்க. கம்பெனிக்கு நாரு பத்தாமப் போயிடுமோன்னு எனக்குப் பயம். நாலே கூடை ஆகாயத்தாமரைதான் ஜான்சி, அள்ளியாந்து நம்ம கொளத்துல வுட்டேன். இப்ப கொடம் முக்கக்கூடத் தண்ணி தெரியல.