சந்தனம் பூசாத மொட்டை

— இன்னும் எவ்வளவு நேரம்லே அந்தாளக் காக்க வைப்பே? சுடலைக்கண்ணு அண்ணாச்சி கத்தியும் கிண்ணமுமா ஆத்துப் படியில உக்காந்திருக்காரு. ஐயரு ரெண்டு தடவ சத்தம் குடுத்தாச்சு. தொப்பியக் கழத்து குமரா.

— யக்கா, உன் காலப் பிடிச்சுக் கேக்கேன். பிண்டம் வைக்கேன், ஆத்துல முங்குதேன், என்ன சொன்னாலும் செய்யுதேன். மொட்ட மட்டும் வேண்டாம். தலையில கத்தி படக் கூடாது.

— கொள்ளி வைக்கயிலயும் இதத்தான் சொன்னே. காய்ச்சலு, தலையில தண்ணி ஊத்தக் கூடாதுன்னே. நானும் போட்டும்னு விட்டேன். இன்னைக்குக் கருமாதிலே! பெத்த அப்பனுக்கு ஒத்த மகன் தொப்பி போட்டுக்கிட்டு குற்றாலத்துல நிக்கான்னா சொந்தக்காரன் என்ன நெனைப்பான்? சீசனுக்கு அருவியில குளிக்க வந்தவன்னு நெனைப்பான்.

— போன மாசந்தான மொட்ட போட்டேன்.

— அது திருச்செந்தூர் முருகனுக்கு. அப்பா எந்திரிச்சு நடக்கணும்னு நேந்து போட்டது. இது அப்பாவுக்கு.

— நான் திருச்செந்தூருக்குப் போகவே இல்லக்கா.

— என்னது?

— மதுரைக்குப் போனேன். முடி நட்டுட்டு வந்தேன். பின்னந்தலையில இருந்தும் தாடியில இருந்தும் ஒவ்வொரு முடியா எடுத்து முன்னந்தலையில நடுதாங்க. அதுக்குத்தான் முழுசா வழிச்சாங்க. தாடியோட மீசையும் போச்சு.

— அப்பா தென்காசி ஆஸ்பத்திரியில கையும் காலும் விழுந்து கெடக்கயிலயா? அம்மா இடுப்பு எலும்பு முறிஞ்சு கடையத்துல படுத்தபடுக்கையா இருக்கயிலயா? அடேயப்பா, நல்ல நேரம் பாத்தேலே!

— அதனாலதான்க்கா கொட்டுச்சு! பகல் பூரா ஆபீஸு, ராத்திரி பூரா ஆஸ்பத்திரி பெஞ்சு. நடுவுல கடையத்துக்கு ஓடி அம்மாவப் பாக்கணும். குளிச்சுட்டுத் தலையத் துவட்டுனா துண்டு பூரா முடி. எல்லாம் டென்ஷன்னு டாக்டரு சொல்லுதாரு. எனக்கு முப்பத்தாறு வயசுக்கா. வாசுதேவநல்லூருக்குப் பொண்ணு பாக்கப் போனோமே, ஞாபகம் இருக்கா?

— எது, ஜெயசித்ரா வீட்டுக்கா?

— வாசல்ல என்னையப் பாத்து, 'வாங்க வாங்க, மாப்பிள்ள பின்னால வாராரா'ன்னு கேட்டாங்கல்லா? நீ சிரிச்சு மழுப்பிட்டே. நான் அன்னையில இருந்து கண்ணாடியே பாக்கல. ஆவணியில திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள கொஞ்சமாது மொளைச்சுராதான்னுதான் போனேன்.

— மொளைச்சுதா?

— கொட்டுதுக்கா. நட்டது ஒருதரம் கொட்டித்தான் திரும்ப வரும்னு முன்னாலயே சொன்னாங்க. ஆனா பக்கத்துல இருந்த பழைய முடியும் சேந்துல்லா போவுது! போன் போட்டா, 'டென்ஷன் ஆகாதீங்க சார், நல்லாத் தூங்குங்க, மனசு நிம்மதியா இருந்தாத்தான் ரிசல்ட் நல்லா வரும்'ங்கான். எங்கப்பா செத்துப் போயிட்டாவ சார்னேன். 'ஓகே சார், அதையே நெனச்சு டென்ஷன் ஆகாதீங்க'ங்கான். எங்கன போயி சொல்ல?

— ஏலே, இரு. அந்தத் தலையோடயா அப்பாவப் பாக்க வார்டுக்குள்ள போனே?

— தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டுத்தான் போனேன். பெர்சிஸ் சிஸ்டரு, 'தொப்பியோட உள்ள வரக் கூடாது, மாஸ்க்கயும் எடுங்க, பெரியவருக்கு ஆள் அடையாளம் தெரியணும்'னுட்டாங்க.

— கண்ணு ரெண்டும் வீங்கி, மூஞ்சி செவந்து கெடந்துச்சே. நாங்கூட அப்பாவ நெனச்சு அழுதிருக்கேன்னு நெனச்சேன்.

— அதெல்லாம் இல்ல. தலையில போட்ட ஊசி மருந்து நெத்தி வழியா கண்ணுக்கு எறங்கும். ரெண்டு மூணு நாளு அப்படித்தான் இருக்கும்.

— அப்பா என்ன கேட்டாவ? மறைக்காமச் சொல்லு.

— என் தலையவே பாத்தாவ. நல்லா இருந்த கையால அவங்க மீசையத் தொட்டுக் காட்டினாவ. திருச்செந்தூர்ல நேர்த்திக்கடன்ப்பான்னேன். சந்தனம் எங்கன்னு வாய் கோணிக் கேட்டாவ. சந்தனம் பூசக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாருல்லா, அதனால பூசலப்பான்னேன். அப்புறம், அம்மா எப்படி இருக்கான்னு கேட்டாவ. இடுப்பு முறிஞ்சத மறைச்சு, நல்லா இருக்கான்னு சொன்னேன்.

— மூஞ்சியப் பாத்துச் சொன்னியா?

— எப்படிக்கா பாக்க முடியும்? சொன்னது பூரா பொய்யி. ஜன்னலப் பாத்துச் சொன்னேன்.

— அடப் பாவி! கெடுத்தியேலே குடிய!

— ஏன்க்கா, நான் என்ன பண்ணேன்?

— சத்தத்தக் கொற. அம்மா கார்ல இருக்கா. அன்னைக்கு ராத்திரியில இருந்துதாம்லே அப்பா சோறு வேண்டாம்னது. கஞ்சி குடுத்தா துப்புனாவ. மூக்குல வச்ச குழாயப் புடுங்கிப் போட்டாவ. சுவரப் பாக்கத் திரும்பிப் படுத்தவங்கதான். நீயும் நானும் டாக்டரு டாக்டரா ஓடினோம்லா?

— அது ரெண்டாவது அட்டாக்னுல்லா சொன்னாங்க?

— அது கடைசியில வந்தது. அப்பா போன அன்னைக்குக் காலையில பெர்சிஸ் சிஸ்டரு என்னையத் தனியாக் கூப்பிட்டு, 'அம்மா எப்ப தவறுனாங்க? பெரியவரு வடிவு வடிவுன்னு சொல்லியே அழுதாரே'ன்னு கேட்டாங்க. எங்கம்மா உயிரோடல்லா இருக்கா, இவங்க என்ன சொல்லுதாங்கன்னு புரியல. மூளை குழம்பிட்டு போலன்னு விட்டுட்டேன். இப்பத்தான் வெளங்குது. மொட்டத்தல, மீச இல்ல, சந்தனமும் இல்ல, அழுது வீங்கின கண்ணு. மகன் அப்படி வந்து நின்னா எந்த மனுசன் நேர்த்திக்கடன்னு நம்புவான்? நம்ம பெண்டாட்டிக்குக் கொள்ளி வச்சுட்டு வந்து பிள்ளை மறைக்கான்னுதாம்லே நெனைப்பான்!

— யக்கா... நான் போன்ல அம்மாவக் காட்டினேன்க்கா. சத்தியமாக் காட்டினேன். பாக்காம மொகத்தத் திருப்பிக்கிட்டாவ.

— பழைய படம்னு நெனச்சிருப்பாவ.

— நான் கொன்னுட்டேன். நாந்தான் கொன்னுட்டேன்.

— நானும் சொல்லிருக்கக் கூடாது. வாயில வந்துட்டு. மண்ணுல உக்காராத, எந்திரி.

— இல்லக்கா. அன்னைக்கே நீ அம்மாவக் கார்ல தூக்கிப் போட்டுக் கூட்டிட்டு வந்தேல்லா? அப்பா கண்ணால பாத்தாவல்லா? பொண்டாட்டி உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுட்டுத்தான போனாவ? அது போதும்க்கா. எனக்கு அது ஒண்ணு போதும்.

— பாத்தாவ. ஒரு ஆளத்தான் உள்ள விடுவேன்னதால அம்மாவ மட்டும் வீல்சேர்ல அனுப்பிட்டு நம்ம ரெண்டு பேரும் வெளிய நின்னோம். பாத்துட்டுத்தான் போனாவ. மனசத் தேத்திக்கோ.

— ஏ உமா! எதுக்கு அவன அழ வைக்கே? கார்க் கதவத் தெற, எனக்குக் கேக்குதுல்லா. ராசா, இங்க வா. தலையில ஏதோ மருந்து போட்டிருக்கியாமே? மொட்ட போட வேண்டாம், விடு. அப்பா கோவிச்சுக்க மாட்டாவ.

— அம்மா, கடைசியா உன்னையப் பாத்ததும் அப்பாவுக்கு நீதான்னு தெரிஞ்சுதாம்மா?

— தெரியாமலா! அவிய மொகத்துல அப்படி ஒரு சந்தோசம் மக்கா. கல்யாணத்தன்னைக்குக்கூட நான் பாக்கல.

— ஏதாவது சொன்னாவளா?

— கைய நீட்டி, 'வடிவு, என்னையக் கூட்டிட்டுப் போக வந்துட்டியா'ன்னு கேட்டாவ. கடையத்து வீட்டுக்குத்தான் கேக்காவன்னு, 'ஆமா, அதுக்குத்தான் வந்தேன், வாங்க போவோம்'னு சொன்னேன், உடனே கண்ண மூடிட்டாவ.