மாடிப்படிக் கதவு

எனக்கு நாற்றம் மட்டும் ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பட்டுக்கு நடுவே வளர்ந்த மூக்கு, அப்படிப் பழகிவிட்டது.

இருந்தும் தொண்ணூற்றாறில் என் பட்டுக்கடைக்கு மேல்மாடியில் பிரசவ ஆஸ்பத்திரி வைத்தேன். ஆரணியில் வேறு யாருக்கு அந்த மனசு வரும்? பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து டாக்டரம்மா காலையும் மாலையும் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரத்துக்கு நர்ஸ் ஆதிலட்சுமி ஒருத்திதான். கெட்டிக்காரி, ஆனால் வாய் அதிகம்.

"ஐயா, மாடி பூரா நான் ஒருத்தியே ஓடிகினு இருக்கேன். இங்க ஊசி போடறப்போ அங்க ஒருத்திக்கு ரத்தம் போனா யாருங்க பாப்பாங்க? கூட ஒரு நர்ஸாச்சும் போடுங்க" என்று தினமும் பேஜார்.

என் பவர்லூம் கொட்டகையில் எல்லப்பன் ஒருவனே நாலு தறி பார்க்கிறான். இழை அறுந்தால் தறி நின்றுவிடும், போய் முடிச்சுப் போடுவான். அதைத்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அறுந்தா தறி தானா நின்னுக்கும் ஐயா. ரத்தம் நின்னுக்குமா?" என்றாள். என்ன திமிர் பாருங்கள். பெண்பிள்ளை என்று விட்டுவிட்டேன்.

அந்த எல்லப்பனின் மனைவிதான் பாஞ்சாலை. ஆவணி வெள்ளிக்கிழமை காலையில் ஆண் குழந்தை பெற்றாள். டாக்டரம்மா கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பெரணமல்லூரிலிருந்து கல்யாணப் பெண்ணோடு கூட்டமாக முகூர்த்தப் புடவை எடுக்க வந்துவிட்டார்கள். கடையில் புடவை விரித்துக் காட்ட ஆள் போதவில்லை. ஆதிலட்சுமியைக் கீழே கூப்பிட்டேன்.

"பாஞ்சாலைய விட்டு நகரக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க ஐயா."

"வேலை வேணுமா, வேணாமா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். வெள்ளை உடுப்பு முகூர்த்தத்துக்கு ஆகாது என்று கடைப் பட்டு ஒன்றையும் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கட்டிக்கொண்டாள், நன்றாகத்தான் இருந்தது.

மாடிக்கு ஒரே படி, அது கடைக்குள்தான் இறங்குகிறது. மேலே யாரோ அலற ஆரம்பித்ததும் படிக்கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். முகூர்த்தப் புடவையில் கைவைக்கும் நேரத்தில் அழுகுரல் கேட்டால் எந்தப் பெண்ணைப் பெற்றவர் பொறுப்பார்? கதவைத் தட்டியது பாஞ்சாலையின் தாய். ரத்தம் நிற்கவில்லை என்று அவள் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆதிலட்சுமி எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "மேல கட்டில் நகத்தறாங்க" என்று வந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

கல்யாணப் பெண்ணுக்கு அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. கல்யாணக் காரியத்தில் அவசரப்படுத்துவது என் வழக்கமில்லை. மஞ்சள் புடவையை எடுத்தார்கள். அதன் மூலையில் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கோடு கொடுத்து, வாசல் வரை போய் வழியனுப்பினேன். அதற்குள் தட்டுவது நின்றிருந்தது.

மேலே போனால் சகிக்கவில்லை. மெத்தை ஊறி, தரையெல்லாம் வழிந்து, என் வெறுங்காலில் பிசுபிசுவென்று ஒட்டியது. பாஞ்சாலை வெளுத்துக் கிடந்தாள். ஆதிலட்சுமி அவள் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்து ஓவென்று அழுதாள். அந்த நாற்றம் எனக்கு ஆகவில்லை. முதலில் காலைக் கழுவினேன்.

நர்ஸ் போதாமல் செத்தாள் என்று ஊர் பேசுகிறது. நீங்களும் ஆதிலட்சுமியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அது தவறு. அவள் போகத்தான் துடித்தாள், விடாதவன் நான். தாழ் போட்டவனும் நான். பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

அப்படியே இதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: அவர்கள் போனதும், யாரும் சொல்லாமலே, கதவைத் திறந்துவிட்டவனும் நான்தான்.