அம்மா சொன்னதாகச் சொன்னேன்

அந்த மாதங்களில் எனக்கு உடம்பு நன்றாக இளைத்தது. பழைய உடைகளெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. கவலையால் இல்லை, மாடிப்படியால். மகளிர் விடுதியின் மேல்மாடிக்குத் தினமும் பல தடவை ஏறி இறங்கினேன். கையில் தட்டோ வெந்நீர்க் குடுவையோ இல்லாமல் ஒரு தடவையும் ஏறியதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது, ஐயா. அந்தப் பெண்ணை நான் பட்டினி போட்டதாக வெளியே பேசிக்கொள்கிறார்களாம். ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

நான் அந்தக் கல்லூரி விடுதியின் வார்டன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை, நாள் போய்விட்டது. விடுதி வாசலை ஒட்டிய அறையில்தான் என் ஜாகை. பெண்கள் வருவார்கள், மூன்று நான்கு வருடம் இருப்பார்கள், கடைசிப் பரீட்சை முடிந்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். போகும்போது என் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தவள் என்று ஒருத்தியும் நினைவில் இல்லை. வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தொற்று வந்ததும் கல்லூரியில் விதிகள் போட்டார்கள். முகக்கவசம், கை கழுவுதல், தள்ளி நிற்றல், வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்த்தல். காய்ச்சல் இருந்தால் மேல்மாடியில் தனியறை. கல்லூரி டாக்டர் சொல்லும்வரை வெளியே வரக் கூடாது. பிரின்சிபால் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"முழுப் பொறுப்பும் உங்களோடது மேடம். யாராவது வெளிய வந்து பரப்பிட்டா என் தலைதான் உருளும்."

பூட்ட வேண்டும் என்று விதியில் இல்லை. அது என் யோசனை. முதலில் தனிமைப்படுத்திய ஒரு பெண் துணி காயப்போடுகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் வெளியிலிருந்து பூட்டினேன். பிரின்சிபால் பாராட்டினார். எல்லோரும் என்னைப் போல் இருந்துவிட்டால் நாட்டில் நோயே இருக்காது என்றார்.

பெரும்பாலான பெண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ரயில் நின்றுபோனதால் சிலர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தியைத் தோழிகள் ரேடியோ என்பார்கள். இறுதியாண்டு. பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவாள். அவளுக்குத்தான் காய்ச்சல் வந்தது.

முதல் சில நாட்கள் நிஜமாகவே மோசம். அனலாய்க் கொதித்தாள். உள்ளே போக எனக்கு அனுமதியில்லை, ஆனால் போனேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன், வாந்தியைத் துடைத்தேன். ஒரு மதியம் கண் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, போகாதம்மா" என்றாள். நான் போகவில்லை. வெளிச்சம் மங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் வலது கை மரத்துப்போனது. இன்றுவரை யாரும் என் கையை அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

காய்ச்சல் இறங்கிய பிறகு நான் உள்ளே போவதை நிறுத்தினேன். கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். கதவின் கீழ்ச் சந்தில் அவள் நிழல் தெரியும். அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து கதவில் சாய்ந்துகொண்டு பேசுவாள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்துத் தைக்கிறாள். முட்டி வலி, அதனால் வீட்டு மாடி வாடகைக்கு விட்டாயிற்று. அம்மாவின் தம்பி, அவளுடைய மாமா, சரக்கு வண்டி ஓட்டுகிறார். இப்படிப் போகும். ஒரு நாள் கேட்டாள்.

"நீங்க ஏன் மேடம் யார்கிட்டயும் பேசறதே இல்ல? இவ்ளோ நல்லா பேசறீங்களே."

அன்று கீழே இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினேன்.

அடுத்த வாரம் டாக்டர் போன் செய்தார். "அந்தப் பொண்ணோட ரிசல்ட் வந்துடுச்சு மேடம். ஒண்ணும் இல்ல, கிளியர். விட்டுடுங்க."

"சரி டாக்டர்" என்றேன்.

சூப் எடுத்துக்கொண்டு மேலே போனேன். சொல்லத்தான் போனேன், ஐயா. நான் வாயைத் திறப்பதற்கு முன் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், என்னை விட்டதும் மாமா வண்டியிலயே ஊருக்குப் போயிடுவேன். இந்த ரூமையும் இந்த ஹாஸ்டலையும் இனிமே கனவுலகூட பாக்கக் கூடாது. ரிசல்ட் வந்துச்சா?"

"இன்னும் வரலம்மா" என்றேன்.

திட்டம் போட்டுச் சொன்னதில்லை. தானாக வந்தது. சொல்லி முடித்ததும் மனசு லேசாகியது. வெளியே ஊரெல்லாம் செத்துக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே இருந்தால் பத்திரமாகத்தானே இருப்பாள் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

சில நாள் கழித்து, மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டுமாம் என்றேன். கையுறை, கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பஞ்சுக் குச்சியை அவள் மூக்கில் விட்டு எடுத்தேன். கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் அசையாமல் தலையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். குச்சியைக் கீழே கொண்டுவந்து குப்பையில் போட்டேன்.

அவள் போன் சார்ஜர் பழுதாகிவிட்டது. கடைகளெல்லாம் மூடியிருக்கின்றன என்றேன். அது உண்மை. அதற்குப் பொருந்தும் சார்ஜர் ஒன்று என் மேஜையில் இருந்தது, அதுவும் உண்மை. அவள் அதைக் கேட்கவில்லை. கணினி கீழே அவள் அறையில் இருந்தது. கீழேயிருந்து பொருள் எதுவும் மேலே போகக் கூடாது என்பது விதி.

டாக்டரே படுத்துவிட்டார், அதனால் அவர் திரும்பக் கேட்கவில்லை. மற்றப் பெண்களைக் கல்லூரிப் பேருந்தில் ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டார்கள். ரேடியோ எங்கே என்று ஒருத்தி கேட்டாள். இன்னும் குணமாகவில்லை என்றதும் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டாள். பிறகு விடுதியில் மிஞ்சியது நான், சமையல்கார அக்கா, வாசலில் வாட்ச்மேன்.

அக்காதான் ஒரு நாள் கேட்டாள். "அந்தப் பொண்ணை எப்ப மேடம் விடுவாங்க? அது பாட்டு பாடறது அடுப்படி வரைக்கும் கேக்குது. காய்ச்சக்கார புள்ள மாதிரியே இல்லயே."

அக்காவுக்கு வீட்டில் வயதான மாமியார் இருந்தாள். நோயை வீட்டுக்குக் கொண்டுபோய்விடப் போகிறாய் என்று சொல்லி, சம்பளத்தோடு அவளை வேலைக்கு வராமல் நிற்கச் சொல்லிவிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நானே சமைத்தேன்.

அந்தப் பெண்ணுடைய அம்மா என் போனுக்குக் கூப்பிடுவாள். தினமும். தூங்குகிறாள் என்பேன், இப்போதுதான் மாத்திரை போட்டாள் என்பேன். அம்மா சொன்னதை மேலே போய்ச் சொல்வேன், மகள் சொன்னதைக் கீழே வந்து சொல்வேன். இதில் தப்பு ஒன்றும் இல்லையே. அவளால் பேச முடியாதபோது யாராவது நடுவில் நிற்கத்தானே வேண்டும்.

ஒரு நாள் அம்மாவுக்குப் பதில் மாமா கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"எங்க அக்காவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம் மேடம். மூச்சு விட முடியல. புள்ள குரலை ஒரு தடவ கேக்கணும்னு சொல்லுது. எப்படியாச்சும் பேச வைங்க."

"கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனோடு மேலே போனேன். அவள் உள்ளே பாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு உற்சாகமாக இருந்தாள். கதவருகே நின்று கேட்டுவிட்டுக் கீழே வந்துவிட்டேன். அந்த அழைப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் அம்மா இறந்துபோனாள். மாமா சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு நேராக விடுதி வாசலுக்கே வந்தார். வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டான். கேட்டுக்கு உள்ளே நான், வெளியே அவர்.

"மூஞ்சியக்கூட காட்ட மாட்டாங்களாம், பொட்டலமாக் கட்டித்தான் குடுக்கறாங்க. இருந்தாலும் புள்ள பக்கத்துல நிக்கட்டும் மேடம். அனுப்பிடுங்க."

"அவளுக்கு இன்னும் நோய் இருக்கு. வெளிய விட விதி இல்ல. இப்ப சொன்னா அவ உடம்பு தாங்காது. தேறினதும் நானே பக்குவமாச் சொல்றேன்."

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, "உங்களத்தான் நம்பியிருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பிடித்த கம்பியை வாட்ச்மேன் மருந்து தெளித்துத் துடைத்தான்.

மேலே போனேன்.

"அம்மா கூப்பிட்டாங்களா மேடம்?"

"கூப்பிட்டாங்க. நல்லா இருக்காங்க. நீ ஒழுங்கா சாப்பிடறியான்னு கேட்டாங்க."

கதவுக்குப் பின்னால் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டவர் யாரும் வேறு பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் அம்மா ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் புது உடை தைத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். ஒரு நாள் கனவில் மகளைக் கண்டதாகச் சொன்னாள். நான் சமைக்கும்போதே யோசித்து வைத்துக்கொள்வேன், அப்போதுதான் இயல்பாக வரும். அவள் அம்மா உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை என்று நினைக்கிறேன். போனில் எப்போதும் முட்டி வலிதான், கரண்ட் பில்தான்.

அவள் முன்னைவிட அதிகமாக நடக்க ஆரம்பித்திருந்தாள். சுவரிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து சுவர். கீழே என் அறையில் படுத்திருந்தாலும் அந்தக் காலடி என் காதில் விழுவது போலவே இருக்கும். நடுவில் இரண்டு மாடி. உண்மையில் கேட்டிருக்காது. நானும் கேட்டைத் தாண்டி எங்கும் போகவில்லை, ஐயா. யாரும் அதைக் கேட்பதில்லை. அவளுக்கு ஓர் அறை என்றால் எனக்கு ஒரு கட்டடம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு மாலை வழக்கம்போல் சொன்னேன். "அம்மா மொட்டை மாடியில துணி எடுக்கப் போனாங்களாம். அங்கிருந்து நிலாவப் பாத்ததும் உன் ஞாபகம் வந்துடுச்சாம்."

கதவின் கீழ்ச் சந்தில் நிழல் அசைந்தது.

"எங்கம்மாவால மாடி ஏற முடியாதே மேடம்."

"இப்ப முட்டி தேவலையாம்."

நிழல் கதவைவிட்டு விலகிப் போனது. நானும் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள் தட்டு வைத்தபடியே இருந்தது. "கதவத் திறங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். கத்தவில்லை. பெரியவர்களிடம் பேசுவது போல இல்லை, சமமானவரிடம் பேசுவது போல இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

அவள் ஜன்னலின் கொசுவலையைக் கிழித்துவிட்டாள். கம்பிக்கு நடுவே கை போகும். விடுதியின் பின்பக்கம் மதில், மதிலுக்கு அப்பால் ஆள் நடமாட்டமில்லாத ஒரு சாலை. தன்னிடமிருந்த பொருள்களை ஒவ்வொன்றாக அந்தச் சாலையில் எறிந்தாள். செருப்பு, சோப்பு டப்பா, தண்ணீர் பாட்டில், செத்துப்போன போன். கடைசியில் சாலைக்குக் கிருமிநாசினி அடிக்க வந்த தொழிலாளி ஒருவன் நிமிர்ந்து பார்த்திருக்கிறான். அவன் சுற்றிக்கொண்டு வந்து வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறான். வாட்ச்மேன் பிரின்சிபாலைக் கூப்பிட, அவர் டாக்டரைக் கூப்பிட, டாக்டர் படுக்கையிலிருந்தபடியே, "அந்தப் பொண்ணை எப்பவோ விடச் சொன்னேனே" என்றிருக்கிறார்.

பிரின்சிபால் சொல்லி உங்கள் போலீஸ் ஆட்கள் வந்து பூட்டை உடைத்தார்கள். சாவியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

அவள் படியிறங்கி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். என்னைத் தாண்டிப் போனாள், திரும்பவில்லை. கேட்டருகே மாமா நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அதை நான் சொல்லியிருக்க வேண்டும், ஐயா. நான் சொல்லியிருந்தால் பக்குவமாகச் சொல்லியிருப்பேன்.

இனி அந்த அழைப்பு. இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கீழே வந்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். நர்ஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் காதருகே பிடித்திருந்தாள். ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. நான் முகக்கவசத்தைக் கழற்றவில்லை, குரலையும் சன்னமாக்கிக்கொண்டேன்.

"பாப்பா" என்றாள் அம்மா.

"அம்மா" என்றேன்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா."

"பயமா... இருக்கா?"

"இல்லம்மா. வார்டன் மேடம் என்னை நல்லா பாத்துக்கறாங்க."

நெடுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "அவங்க சொல்றபடி கேளு" என்றாள். நர்ஸ் போனை வைத்துவிட்டாள். ஆகவே நான் செய்த எதையும் பெற்றவளின் சம்மதம் இல்லாமல் செய்யவில்லை.

கேட்டருகே மாமா அவளைத் தேற்றுவதற்காகக் குனிந்து சொன்னார். "அழுதுடும்மா. உங்கம்மா கடைசியா உன் குரலைக் கேட்டுட்டு நிம்மதியாத்தான் போனா. நீ பேசினதா நர்ஸ் சொன்னாங்க."

"நான் பேசலையே மாமா" என்றாள்.

அப்போதுதான் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அத்தனை பேர் நடுவில் என்னை மட்டும், இமைக்காமல். அவள் இல்லாத குறை தெரியாமல் அவள் அம்மாவை யார் வழியனுப்பினார்கள் என்பது அவளுக்குப் புரிந்த நேரம் அது. உதடு அசைந்தது. நன்றி சொல்லத்தான் வாயெடுத்தாள், அதற்குள் உங்கள் ஆட்கள் என்னை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.