தபித்தாள் அம்மையார் காத்த சரிவு

மேடையில் வீற்றிருக்கும் எமரால்டு விவசாயிகள் சங்கத் தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் ஜஸ்டஸ் அண்ணன் அவர்களே, அரை நாள் வேலையை விட்டுவிட்டு ஈரக் குடையோடு வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பரமசிவன். மண் பாதுகாப்பு உதவி மையத்தில் நிலம் அளப்பவன். நம்மைவிட்டுப் பிரிந்த கள அலுவலர் தபித்தாள் அம்மையாரோடு பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். அளவு நாடாவின் ஒரு முனை அவர் கையில் இருக்கும், மறுமுனை என் கையில். நாங்கள் இருவரும் வழுக்கி விழாத சரிவு இந்தப் பக்கத்தில் குறைவு.

அவருடைய வேலை என்ன? சரிவில் காய்கறி போடுகிறவர்களுக்கும் மரக்காடு வைத்திருப்பவர்களுக்கும், மண் கரைந்து போகாமல் காக்க மானியம் வாங்கித் தருவது. காகிதத்தில் அவ்வளவுதான். ஆனால் அந்த மானியம் தானாக நடந்து வீடு வந்து சேருமா? அதற்கு ஒருவர் மலை ஏற வேண்டும். ஜஸ்டஸ் அண்ணனின் ரப்பர் பூட்ஸ் அவருக்கு இரண்டு அளவு பெரியது. அதற்குள் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு ஏறினார் தபித்தாள் அம்மையார்.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு சம்பவம் போதும்.

சோலூர் பக்கம் சுப்பம்மா அக்காவுக்கு ஒரு ஏக்கர் கேரட் நிலம். அதற்கு மேலே, வெலிங்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாலசுப்பிரமணியம் ஐயாவின் சீகை மரக்காடு, வாட்டில் என்று சொல்வோமே, அது. ஒரு காற்று மழையில் அவருடைய மரம் ஒன்று சாய்ந்து, அக்காவின் கேரட் பாத்திகளை நசுக்கிவிட்டது. ஐயா எட்டிப் பார்க்கவில்லை. அக்கா மரத்தை வெட்டி விறகாக்கிவிட்டார். ஐயா போலீசில் புகார் கொடுத்துவிட்டார். ஆறு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அந்த ஆறு வருடமும் மழைத் தண்ணீர் காட்டிலிருந்து இறங்கி, அக்காவின் நிலத்தை அறுத்துக்கொண்டே போனது. நிலத்தின் நடுவில் ஆள் இறங்கும் ஆழத்துக்குப் பள்ளம். இன்னும் இரண்டு மழைக்காலம் போனால் நிலமே இருக்காது என்பது எங்கள் கணிப்பு. சரிசெய்ய மானியம் இருந்தது. ஆனால் விதி என்ன? சரிவு முழுவதற்கும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். மேலே வடிகால், கீழே கல் கட்டு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

“நடக்காத காரியம், விட்டுடுங்க மேடம்” என்றேன் நான்.

அவர் விடவில்லை. ஒரு மழை நாளில் அந்தப் பள்ளத்து நீரை ஒரு வாளியில் பிடித்து, அதைத் தூக்கிக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனார். டீ குடித்து முடிக்கும்வரை வாளியைப் பற்றிப் பேசவில்லை. அதற்குள் வாளியின் அடியில் நான்கு விரல் மண் படிந்துவிட்டது. மேலே சீகை இலை மிதந்தது.

“இதுல உங்க மண்ணு எது, அந்தம்மா மண்ணு எதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க” என்றார்.

ஐயா குனிந்து வாளிக்குள் பார்த்தார். “எங்காட்டு மண்ணும் போகுதுங்களா?” என்றார். பிறகு பேனாவை எடுத்தார். “கையெழுத்துப் போடறேன். ஆனா அந்தம்மா மொகத்துல முழிக்க மாட்டேனுங்க.”

“முழிக்க வேண்டாமுங்க. கையெழுத்துக்கு மொகம் எதுக்கு?” என்றார் அம்மையார்.

பாதி வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். சுப்பம்மா அக்கா படிவத்தைத் தொடவே இல்லை. “மரம் உழுந்தன்னைக்கு, ‘உன்ற கேரட்டு என்னாச்சு’ன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? கேக்கலீங்களே. அவரு பேருக்குக் கீழ நான் எதுக்குங்க எம் பேரை எழுதணும்?” என்றார்.

வேறு அலுவலராக இருந்தால் என்ன செய்திருப்பார்? மானியத்தின் பயனை எடுத்துச் சொல்லியிருப்பார். அப்போது நானும் அதைத்தான் செய்யப் போனேன். அம்மையார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மறுபடி மலை ஏறி ஐயாவிடம் போய், கேட்டதைக் கேட்டபடியே சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மறுநாள் காலை நாங்கள் நிலத்தில் நிற்கும்போது ஐயா இறங்கி வந்தார். வரப்பு ஓரத்திலேயே நின்றுவிட்டார்.

“அந்தக் கேரட்டு... நான் அன்னைக்கே வந்து கேட்டிருக்கோணுமுங்க” என்றார்.

அக்கா களை பிடுங்குவதை நிறுத்தவில்லை. ஒரு பாத்தி முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார். “டீ குடிக்கிறீங்களா?” என்றார்.

அந்தக் கோடையில் வடிகால் வெட்டினோம், கல் கட்டினோம், அனுமதி வாங்கிச் சீகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களைந்து, இந்த மலைக்கே உரிய சோலை மரக் கன்றுகளை நட்டோம். அடுத்த ஆகஸ்டில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் அம்மையாரும் நானும் பயந்துகொண்டே போனோம். கல் கட்டு நின்றது. மண் நின்றது. தண்ணீர் தெளிந்து வடிகாலில் ஓடியது. அம்மையார் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இன்று ஐயாவும் அக்காவும் ஒரே ஜீப்பில் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய புகழுரையை நான் எப்படிச் சொல்ல முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வீட்டில் சாப்பிட்டு, வெயிலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். வலி இல்லை, படுக்கை இல்லை. அழுகை வருகிறது, உண்மைதான். ஆனால் தனக்குப் பிடித்த வேலையைக் கடைசி வாரம்வரை செய்தவருக்காக மனம் நிறைந்தும் இருக்கிறது.

நண்பர்களே, எமரால்டு அணைக்கு மேலே பதினொரு குடும்பங்களை வரும் புதன்கிழமை பார்ப்பதாக அம்மையார் சொல்லியிருந்தார். அவர்களில் பலர் இங்கே இருக்கிறீர்கள். இனி மையத்திலிருந்து யாராவது வருவார்களா என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்டெபியும் நானும் அதே புதன்கிழமை காலை எட்டரை பஸ்ஸில் வருகிறோம். மழை பெய்தாலும் வருவோம். நாயை மட்டும் கட்டிப் போட்டு வையுங்கள்.