கிணற்றடிக் காவோலை

இஞ்சித் தேத்தண்ணி ஆறினால் நன்றாக இருக்காது, ஐயா. முதலில் குடியுங்கள். எழுதுவதைப் பிறகு எழுதலாம்.

வந்தாறுமூலையில் மருத்துவிச்சி அன்னப்பூரணி என்றால் எல்லோருக்கும் தெரியும். வேலை பார்த்த காலம் முழுவதும் வீடு வீடாகப் போய், கர்ப்பிணிகளைப் பார்த்த கையோடு, முற்றம் கூட்டவில்லை, சிரட்டையில் தண்ணீர் நிற்கிறது என்று ஏசிக்கொண்டு திரிந்தவள் நான். பென்சன் எடுத்த அன்று என் வீட்டு விளக்குமாற்றைத் தூக்கி மாமரத்தடியில் போட்டேன். அது அங்கேயே உக்கிப் போயிற்று.

அதற்குப் பிறகு இந்த ஒன்றரை ஏக்கர் வளவும் தன்பாட்டுக்கு வளர்ந்தது. வேலியில் குறிஞ்சாவும் கொவ்வையும் ஏறின. கீரிப்பிள்ளை குடும்பத்தோடு குசினிக்குப் பின்னால் குடிவந்தது. காலையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால், என்னிடம் ஒன்றும் கேட்காமல் எல்லாம் பூத்துக் காய்த்துக்கொண்டிருக்கும். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கூப்பிட்ட நேரத்துக்கு ஓடியவளுக்கு அது எவ்வளவு பெரிய சுகம் தெரியுமா? நான் சந்தோஷமாக இருந்தது அந்தக் காலத்தில்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். அது உங்களுக்கும் தெரியும். மகள் சுலோஜனாவின் கலியாணத்தோடு காணி உறுதியை அவள் பேருக்கு எழுதிவிட்டேன். அதிலிருந்து இந்த வீட்டில் நான் விருந்தாளி.

மருமகன் திவாகரன் நல்ல பிள்ளை. மாங்கேணிக்காரர். என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் தங்குவதற்கு இந்த வளவில் போடிங் கட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"இந்தக் காட்டுக்குள்ள தனியக் கிடந்து பாம்பு கடிச்சா ஆர் மாமி பார்க்கிற? எங்களோட டவுனுக்கு வாங்க. மேல்மாடியில பூச்சாடி வச்சுத் தாறம்."

"பூச்சாடி வேணா மகன். என்னை இப்பிடியே விடுங்க."

"வாற கிழமை காட்டைத் தள்ள பெக்கோ மெசின் வருது மாமி," என்று சிரித்தார்.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். அவர் அப்படிச் சிரிக்கவில்லை. அன்பாகத்தான் சிரித்தார். சண்டைக்கு வருகிறவனோடு சண்டை பிடிக்கலாம், அன்போடு எப்படிப் பிடிப்பது? மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "அவர் உங்கட நன்மைக்குத்தானேம்மா செய்யிறார்," என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

வளவின் பின்பக்கம் ஒரு பழங்கிணறு இருக்கிறது. கட்டு இல்லை. பற்றை வளர்ந்து வாயை மூடிவிட்டது. இந்த மாதிரி இடத்தில் பச்சைக் குழை நட்டு அடையாளம் வைக்க முடியாது. எங்கள் மண்ணில் பூவரசங் கம்பை நட்டால் ஒரு மாரியோடு மரமாகிவிடும், பிறகு எது அடையாளம், எது காடு? அதனால் கம்பில் காய்ந்த பனையோலை, அந்தக் காவோலையைக் கட்டி நடுவோம். பச்சைக்குள் அது செத்துப்போய் நிற்கும். அதைக் கண்டால் இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகூடக் கிட்டப் போகாது. வருடா வருடம் மாரிக்கு முன்னால் பக்கத்து வளவுத் தங்கராசா ஓலை வெட்டித் தருவார், நான் கட்டுவேன். இந்த வருடமும் கட்டினேன்.

அன்று காலையில் திவாகரன் கத்தியோடு வந்தார். பெக்கோ வருவதற்கு முன்னால் பின்பக்கத்து எல்லைக்கல்லைத் தேட வேண்டுமாம்.

"மாமி, அந்தக் கிணறு எந்தப் பக்கம்?"

"காவோலை கட்டிக் கிடக்கு மகன். பார்த்து, கவனமாப் போங்க."

"சுலோவும் அதைத்தான் சொன்னா. காவோலைய விட்டு விலகிப் போகட்டாம்."

கொஞ்ச நேரத்தில் "மாமி" என்று கூப்பிட்டார். குரல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. பிறகும் பலமுறை கூப்பிட்டார். எனக்கு முழங்கால் ஏலாது, ஐயா. போன் மடியில்தான் இருந்தது. யாருக்கு எடுப்பது? தங்கராசா வட்டைக்கு, வயல் பார்க்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். விளாத்தி மரத்தில் ஒரு செண்பகப் பறவை கூவிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். திவாகரனின் குரல் நின்ற பிறகு தங்கராசாவுக்கு எடுத்தேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றவர், உடனே ஓடி வந்தார்.

விபத்துச் சாவு என்று பொலிசில் எழுதிக்கொண்டு போனீர்கள். பாவம் அன்னப்பூரணி என்று ஊரே சொன்னது. பாவம்தான்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் சுலோஜனா பின்பக்கம் போனாள். காவோலை நின்ற இடத்தில் நின்றாள். பிறந்து வளர்ந்த வளவு, கிணறு எங்கே என்று அவளுக்குத் தெரியாதா? திரும்பிக் கிணற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து என் கையால் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உங்களை வரச் சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரியும். பெக்கோவை வரச் சொன்னதும் அவள்தான். அந்தச் சத்தம் கேட்கிறதல்லவா? இப்போது சரிந்தது விளாத்தியாக இருக்க வேண்டும். ஒரு மரத்தைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை.

ஓம் ஐயா. காவோலையைக் கொஞ்சம் தள்ளி நட்டது நான்தான், அவர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள். காவோலையைக் கண்டதும் பிள்ளை மரியாதையாக விலகி நடந்திருக்கிறார். அவர் விலகின பக்கம்தான் கிணறு. கையாலாகாத கிழவி வேறு என்ன செய்வாள்? ஆனால் அவரை நான் தள்ளவில்லை. கவனமாகப் போகச் சொல்லித்தான் அனுப்பினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.