இமை மேல் சிவப்புக் கோடு

மேடம், மேசைமேல் இருக்கும் அந்த லென்ஸுக்கு மூடி போட்டுவிடச் சொல்லுங்கள். உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி நல்ல காற்றுதான் தருகிறது, ஆனால் புழுதியையும் சேர்த்து இறைக்கிறது. மூடி என் பையின் பக்கத்து ஜிப்பில் இருக்கும். நன்றி. இனி எதைக் கேட்டாலும் சொல்கிறேன்.

அது ஃபிலிம் காலத்து லென்ஸ். கண்ணமங்கலத்தில் சிங்காரம் அண்ணாவின் ஸ்டுடியோ அலமாரியில் சும்மா கிடந்தது. நான் அவரிடம் கல்யாணப் படம் எடுக்கும் ஆள். "இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நீயே எட்துனு போ விஜயராஜ்," என்று அவர்தான் கொடுத்தார். ஆன்லைனில் ஓர் அடாப்டர் வளையம் வாங்கி என் டிஜிட்டல் கேமராவில் மாட்டினேன். தானாக ஃபோகஸ் ஆகாது. லென்ஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். திருப்பினேன். எதிர் டீக்கடையின் சீரியல் பல்புகள் வட்டம் வட்டமாக வீங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதந்தன. நடுரோட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பஸ் டிரைவர் திட்டியதுகூட இனித்தது. என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. இதை மட்டும் என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.

நான் எடுத்த படங்கள் நாலு பேர் கண்ணில் பட்டன. ஒரு நாள் அண்ணா, "அத்த குட்துடுப்பா, மெட்ராஸ்ல ஒருத்தரு கேக்கறாரு," என்றார். அவர் பொருள், அவர் கேட்கிறார். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். சோறுதான் இறங்கவில்லை.

"ஒரே ஒரு படம் எட்துட்டுக் குட்துடறேங்கண்ணா. உங்களத்தான்," என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஊரையே படம் எடுத்த மனிதரிடம் அவருடைய நல்ல படம் ஒன்றுகூடக் கிடையாது. பாவம்.

வாடகை ஜீப் பிடித்து மலைமேல் நெல்லிவாசல் பக்கம் போனோம். ஜீப் நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் நடை. களத்தில் சாமைக் கதிர் அடிக்கும் சமயம். களத்துச் சனம் சாப்பிடப் போயிருந்தது. வெயிலுக்கு எதிரே சாமை உமி பறந்தால் அந்த லென்ஸில் ஒவ்வொரு தூசும் ஒரு பொன்வட்டம். அண்ணாவுக்கு ஆஸ்துமா இருப்பது தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். ஸ்டுடியோவைப் பெருக்கினால்கூட வெளியே போய் நின்றுகொள்வார். ஆனால் உமி பறக்காமல் அந்த வட்டங்கள் வராது, மேடம்.

அவரைச் சாமை வைக்கோல் போரில் சாய்த்து உட்கார வைத்தேன். சட்டைப்பையில் இன்ஹேலர் துருத்திக்கொண்டிருந்தது. "படத்துல அசிங்கமா கீதுண்ணா, குடுங்க, நான் வெச்சிக்கிறேன்," என்றேன். கொடுத்தார். முறத்தில் உமியை அள்ளித் தூற்றுவேன், ஓடி வந்து கேமராவைப் பிடிப்பேன், அதற்குள் உமி அடங்கிவிடும். மறுபடி அள்ளுவேன். சின்னப் பிள்ளை மாதிரி ஓடினேன். அண்ணாவும் முதலில் சிரித்தார். "எத்தினி தபாடா?" என்றார். பிறகு இருமினார். பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து வைத்தால் ஃபோகஸ் ஒரு விரல் கனம்கூட நிற்காது. எது கூர்மையோ அதன் ஓரத்தில் கேமரா தன் திரையில் ஒரு சிவப்புக் கோடு காட்டும். அவர் இழுத்து இழுத்து மூச்சு வாங்கியதில் கோடு இமையிலிருந்து மூக்குக்கும், மூக்கிலிருந்து காதுக்கும் ஓடியது. நான் துரத்தினேன். அப்படி ஒரு குஷி. "அத்த குட்றா," என்று கையை நீட்டினார். கை முகத்தை மறைத்தது. "அசையாதீங்கண்ணா, ஒண்ணே ஒண்ணு," என்றேன். கொஞ்ச நேரத்தில் கை தானாகவே கீழே இறங்கியது. கண் திறந்தபடியே இருந்தது. சிவப்புக் கோடு இமைக்கு வந்து அங்கேயே நின்றது. எடுத்தேன்.

பிறகு ஜீப் வரைக்கும் கத்திக்கொண்டு ஓடினேன். அழுதது நடிப்பு இல்லை. இன்ஹேலரை ஜீப்பிலேயே விட்டுவிட்டார் என்று நான் சொன்னதுதான் பொய்.

மாலை போட அவர் மனைவி வசந்தி அண்ணி படம் கேட்டார். அதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். "எம்மாம் அமைதியா கீறாரு பாரு," என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் எடுத்த படம் என்று ஒவ்வொருவரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

நீங்கள் அந்தப் படத்தை என் கேமராவிலிருந்தே எடுத்துக் கணினியில் பெரிதாக்கி, கருவிழியைக் காட்டினீர்களே. அதில் நான், என் கேமரா, என் சட்டைப்பையில் அந்த நீல இன்ஹேலர். எனக்குப் புல்லரித்துவிட்டது, மேடம். பயத்தில் இல்லை. முழுதாகத் திறந்து வைத்தும் இவ்வளவு துல்லியம்! புது லென்ஸ் எதிலாவது இது வருமா?

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவரை நான் தொடக்கூட இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இன்ஹேலரைக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருக்கலாம், கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் கொடுத்திருந்தால் அவர் மூச்சு விட்டிருப்பார், மேடம். ஃபோகஸ் போயிருக்கும்.